கை படாத சரக்கு

தியாகராய நகரில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஜவஹருக்கு எரிச்சல் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. கடை வாசலை மறைத்துக்கொண்டு நிற்கும் கரும்பு ஜூஸ் வண்டி போதும். குக்கர் வாங்குகிற தோரணையில் வந்து உட்கார்ந்து, விசிறிக் காற்று வாங்கிவிட்டு, கரண்டி விலையை மட்டும் விசாரித்துப் போகிறவர்கள் போதும். ஆனால் போன வருஷம் அவருடைய எரிச்சலையெல்லாம் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது, கட்டைவிரல் பருமனே உள்ள ஒரு மோட்டார்.

பொம்மைக் கார் மோட்டார்தான். ஆனால் பொம்மை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். ஸ்லாட் கார் என்று சொல்ல வேண்டும். கடையின் இரண்டாவது மாடியில், முன்பு குடமும் அண்டாவும் அடுக்கியிருந்த இடத்தில், பிளைவுட்டில் வளைந்து நெளிந்து போகும் ஆறு தடங்கள் போட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு தடத்தின் நடுவிலும் காடி என்கிற ஒரு மெல்லிய பள்ளம். காரின் மூக்குக்குக் கீழே இருக்கும் முளை அந்தக் காடிக்குள் இறங்கி நிற்கும். காடியின் இரண்டு பக்கமும் ஓடும் தகட்டில் கரன்ட் வரும். ஓட்டுகிறவர் கையில் துப்பாக்கி மாதிரி ஒரு விசை. அழுத்தினால் வேகம், விட்டால் நிதானம். வளைவில் பேராசைப்பட்டு அழுத்தினால் கார் காடியை விட்டுப் பறந்து சுவரில் மோதும். இவ்வளவுதான் விளையாட்டு. இதற்காக வயது வந்த மனிதர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாம்பாரோடு எழுந்து, ரசத்துக்குக்கூடக் காத்திருக்காமல் ஓடி வருகிறார்கள்.

இந்த ஆசை அவருக்கு சிங்கப்பூரில் ஒட்டிக்கொண்டது. மனைவி ஜெயபாரதியின் தம்பி கல்யாணத்துக்குப் போன இடத்தில், ஒரு கடைத்தொகுதியில் இந்தக் கார்களைப் பார்த்துவிட்டு, முகூர்த்தத்துக்கே தாமதமாக வந்து சேர்ந்தார். "கல்யாணத்துக்குப் போனவங்க ஏதாச்சும் நகை நட்டு வாங்கிட்டு வருவாங்க. இவரு கிறுக்கு வாங்கிட்டு வந்தாரு" என்று ஜெயபாரதி இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கிறுக்கு புதிது என்றாலும் அதை நடத்திய முறை பழசுதான். ஜவஹரின் அப்பா திருச்செந்தூர் பக்கத்திலிருந்து வந்து இந்தக் கடையைத் தொடங்கியவர். அவரிடமிருந்து ஜவஹர் எடுத்துக்கொண்ட சட்டம் ஒன்று உண்டு. காலையில் முதலில் வருகிற ஆள்தான் போணி. அந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, அந்த ஆளுக்குக் கொடுக்கும் பொருள் பெட்டி பிரிக்காத, கை படாத சரக்காக இருக்க வேண்டும். ஷோகேஸில் இருந்த டிபன் கேரியரைத் துடைத்துப் போணிக்காரருக்குக் கட்டிக் கொடுத்த விற்பனையாளர் ஒருவரை அன்று கடை சாத்தும் வரை திட்டித் தீர்த்திருக்கிறார். அதே சட்டத்தை அவர் மாடிக்கும் கொண்டுபோனார். ஞாயிற்றுக்கிழமை முதலில் படியேறி வருகிறவர் எவரோ அவர் போணி. அவர் கண் எதிரிலேயே புது மோட்டாரின் உறையைக் கிழித்து, காரில் மாட்டி, இரண்டு கையாலும் நீட்டுவார். மற்றவர்களுக்கு அலமாரியில் வரிசையாக நிற்கும் கார்கள். அவற்றில் மோட்டார் தேய்ந்துபோனால், போணிக்கு எடுக்கும் அதே மோட்டார்ப் பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்துத்தான் மாற்றுவார். சனிக்கிழமை சாயங்காலம் அந்த அலமாரிக் கார்களின் பின்னால் பழைய வேட்டித் துணியைக் கட்டி, கரன்டைக் குறைத்து வைத்து, ஆமை வேகத்தில் சுற்றிச் சுற்றி ஓட விட்டுத் தடத்தின் தூசியைத் துடைப்பது வழக்கம். போணிக்கு என்று வைத்த மோட்டாரை மட்டும் அந்த அழுக்கு வேலைக்குத் தொட மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முதலில் வருகிறவர் பீர் முஹம்மது. மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவருக்குத் தையல் கடை. ஜவஹரின் சட்டைகளைப் பல வருஷமாகத் தைப்பவர். ஒருநாள் தைத்த சட்டையைக் கொடுக்க வந்தவர் மாடிச் சத்தத்தைக் கேட்டு ஏறிப் பார்த்தார், விசையை ஒரு தரம் வாங்கிப் பார்த்தார், அதோடு மாட்டிக்கொண்டார். தையல் மெஷின் பெடலில் காலுக்கு இருந்த நிதானம் அவருக்கு அப்படியே விரலுக்கு வந்துவிட்டது. வளைவில் அவர் கார் போகிற அழகைப் பார்த்து மற்றவர்கள் தங்கள் காரைக் கோட்டை விட்டதுண்டு.

மயிலாப்பூரில் பீர் முஹம்மதுவுக்கு இன்னொரு பெயரும் உண்டு. கைராசிக்காரர். கல்யாணத் துணியில் முதல் வெட்டு அவர் கையால் விழ வேண்டும் என்று அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு பிடிவாதம். இந்துக்கள், முஸ்லிம்கள் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. வேறு பெரிய கடையில் தைக்கக் கொடுக்கப் போகிறவர்கள்கூட, துணியை இங்கே கொண்டுவந்து, "ஒரு கத்திரி மட்டும் வெச்சுக் குடுங்க பாய்" என்று நிற்பார்கள். அவர் ஆண்டவன் பெயரால் பிஸ்மி சொல்லி ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டிக் கொடுப்பார். அதற்கென்று எதுவும் வாங்கிக்கொள்வதில்லை.

அப்பேர்ப்பட்டவருடைய கையில்தான் மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன.

எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் மொத்தமாக வாங்கிய மலிவு மோட்டார்கள் அவை. முதல் பந்தயத்தில் பீர் முஹம்மதுவின் கார் பிய்த்துக்கொண்டு போகும். இரண்டாவதில் முனகும். மூன்றாவதில் எரிந்த வாடை வந்து, நேர்ப்பாதையிலேயே நின்றுவிடும். அடுத்த ஞாயிறு புது மோட்டார், அதே கதை. ஜவஹர் செய்யாத வைத்தியம் இல்லை. எண்ணெய் விட்டார். எண்ணெயைத் துடைத்தார். வயரை மாற்றினார். கரன்ட் கொடுக்கும் பெட்டியைக் கழற்றிப் பார்த்தார், திரும்ப மாட்டும்போது ஒரு திருகாணி மிஞ்சியது, அந்தக் கோபத்தில் மின்வாரியத்தைத் திட்டினார். மோட்டார் செய்த நாட்டை, அதை ஏற்றி வந்த கப்பலை, கப்பலுக்கு வழிவிட்ட கடலை எல்லாம் திட்டினார். ஆனால் ஒரு விஷயம் அவரைக் குடைந்துகொண்டே இருந்தது. அலமாரிக் கார்களில் இருப்பதும் இதே பெட்டி மோட்டார்தான். அவை மாதக்கணக்கில் ஓடுகின்றன. பாய் தொட்டால் மட்டும் சாகிறது.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு கோப்பைப் பந்தயம். கோப்பை என்றால் கடையிலேயே பெரிய சைஸ் பூஜைச் சொம்பு. கடைசிச் சுற்றில் பீர் முஹம்மது எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார். கடைசி வளைவுக்கு முன்னால் அவர் காரிலிருந்து மெல்லிசாகப் புகை கிளம்பியது. கார் நின்றது. மற்ற கார்கள் அதைத் தாண்டிப் போயின.

"பாய் இன்னிக்கும் கர்ப்பூரம் ஏத்திட்டார்" என்றார் ராமானுஜம். அவர் மயிலாப்பூர்க்காரர், கல்லூரியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர், எதைப் பார்த்தாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க மாட்டார்.

பீர் முஹம்மது காரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இன்னா மோட்டார் அண்ணாச்சி இது. ஒரு ரேஸுகூட முழுசா நிக்க மாட்டேங்குது."

அன்று காலையிலிருந்து தீபாவளிக் கூட்டத்தோடு மல்லுக்கட்டி ஜவஹருக்கு மண்டை காய்ந்திருந்தது. தன் கையால் உறை கிழித்துக் கொடுத்த மோட்டாரை, அதுவும் நாலு பேர் முன்னால், குறை சொன்னால் அவருக்குப் பொறுக்குமா. "சும்மா மோட்டாரைக் குத்தம் சொல்லாதீங்க பாய். எல்லாம் ஒரே பெட்டிதான். மத்தவங்களுக்கு ஓடுதுல்ல? உங்க கைராசி அப்படி" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். பீர் முஹம்மதுவும் சிரித்தார். விசையைப் பலகைமேல் வைத்துவிட்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. தீபாவளித் தையல் அலுப்பு இன்னும் தீர்ந்திருக்காது என்று ஜவஹர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பிறகு ஒருநாள் போன் செய்யலாமா என்று யோசித்து, அவரே செய்யட்டும் என்று விட்டுவிட்டார். அவருக்கு அந்த வீம்பு உண்டு.

பாய் வராத முதல் ஞாயிறு, அவருக்குப் பதில் முதலில் படியேறியவர் ராமானுஜம். ஜவஹர் முறைப்படி உறையைக் கிழித்துப் புது மோட்டார் மாட்டிக் கொடுத்தார். மூன்றாவது பந்தயத்தில் அது கருகியது.

"என்ன ஜவஹர், போன வாரம் வரைக்கும் நன்னா ஓட்டிண்டிருந்தேன். என் கையும் ராசியில்லாத கையாயிடுத்தா?" என்றார் ராமானுஜம்.

மறு வாரம் ஷண்முகப்ரியா முதலில் வந்தாள். அடையாறில் பல் டாக்டர். கிளினிக் முடித்துவிட்டு எப்போதும் கடைசி ஆளாக மூச்சிரைக்க வருகிறவள், மிச்சமிருக்கிற அலமாரிக் காரை எடுத்து அலட்டாமல் ஓட்டுவாள். அவளிடம் ஒரு மோட்டார்கூட இதுவரை செத்ததில்லை. அன்று கிளினிக் விடுமுறை. புது மோட்டார் அவளுக்குக் கிடைத்தது. இரண்டாவது பந்தயம் முடிவதற்குள் அதுவும் போய்விட்டது.

"என்னண்ணா இது, நான் எப்பவும் போலத்தானே ஓட்டினேன்" என்றாள்.

ஜவஹர் அந்த மோட்டாரைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்தார். செத்தது பாய் தொட்ட மோட்டார் இல்லை. முதலில் வந்தவருக்குக் கொடுத்த மோட்டார்.

மறுநாள் காலை கடையை ஜெயபாரதியிடம் ஒப்படைத்துவிட்டு ரிச்சி தெருவுக்குப் போனார். கருகிய மோட்டார்களைக் கைநிறைய அள்ளி, மோட்டார் விற்ற ஆளின் மேஜைமேல் கொட்டினார். அந்த ஆள் ஒன்றை எடுத்து மோந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டான்.

"இன்னா அண்ணாச்சி, பிரிச்சதும் ஃபுல் கரன்ட்ல உட்டா எரியாம இன்னா பண்ணும்? உள்ள ரெண்டு கார்பன் கட்டை கீது. புதுசுல அது சப்பையா இருக்கும். சுத்துற செம்பு உருண்டையா இருக்கும். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு தேஞ்சு படியணும். அதுக்குத்தான் கம்மி கரன்ட்ல கொஞ்ச நேரம் சும்மா சுத்த உடணும். அப்பால ரேஸுக்குக் குடு, ஜம்முனு ஓடும். மொத நாளே சொன்னனே."

"எப்போ சொன்னே?"

"கொஞ்சம் ஓட்டிப்புட்டுக் குடுங்கன்னு சொன்னேன். நீங்கதான் மொறைச்சீங்க. ஓட்டின சரக்கைப் புதுசுன்னு தள்ளச் சொல்றியா, எங்க கடையில அந்தப் பழக்கம் இல்லன்னு பெரிய லெக்சர் குடுத்தீங்க. சரி, கஸ்டமர் சொன்னா சரின்னு உட்டுட்டேன்."

ஜவஹருக்கு நினைவு வந்தது. வார்த்தை பிசகாமல் அப்படியே சொல்லியிருந்தார். சொன்னதோடு நிற்காமல், அந்த ஆளிடம் இனி ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று வீட்டில் வந்து எச்சரிக்கையும் செய்திருந்தார்.

கடைக்குத் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னபோது ஜெயபாரதி தலையில் அடித்துக்கொண்டாள். "அப்போ சனிக்கிழமை அழுக்குத் துணியை இழுத்த காரெல்லாம் நல்லா இருக்கு. நீங்க மரியாதை பண்ணிக் குடுத்ததுதான் வீணாப் போச்சு."

"ஆமா."

"அந்த மனுஷனைப் பார்த்து, கல்யாணத் துணி வெட்டுற கையைப் பார்த்து, ராசியில்லன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க."

"ஆமான்னுதான் சொல்றேன்ல. அதுக்கு மேல என்ன சொல்ல?"

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க. போன்ல சொல்லாதீங்க, நேர்ல போங்க."

தேனாம்பேட்டை சிக்னலில் ஆட்டோ நின்றபோது ஆட்டோக்காரரைத் திட்டினார், லஸ் முனையில் நெரிசலைத் திட்டினார், சந்துக்குள் நடக்கும்போது குறுக்கே வந்த ஸ்கூட்டரைத் திட்டினார். பீர் முஹம்மதுவின் கடை வாசலுக்கு வந்ததும் திட்ட எதுவும் அகப்படவில்லை. உள்ளே ஆள் இருந்தது. மந்தைவெளியிலிருந்து வந்த ஒரு அம்மாள், மகனுடைய கல்யாணத்துக்கு எடுத்த பட்டுத் துணியை மேஜைமேல் விரித்துக் காத்திருந்தாள். பீர் முஹம்மது சுண்ணக்கட்டியால் கோடு போட்டு முடித்திருந்தார். கத்திரிக்கோல் அவர் தம்பி அமீன் கையில் இருந்தது.

"நீங்க வெட்டுங்க பாய்" என்றாள் அந்த அம்மாள்.

"அமீன் வெட்டுவான்மா. இப்பல்லாம் அவன்தான் வெட்டுறான்."

"உங்க கைக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்? எங்க பொண்ணு கல்யாணத்துக்கும் நீங்கதானே வெச்சீங்க."

"என் கைக்கு இப்ப நேரம் சரியில்லம்மா" என்றார் பீர் முஹம்மது. வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. கடையில் நூல் தீர்ந்துவிட்டது என்பதைப் போலச் சொன்னார்.

வாசலில் நின்றபடி ஜவஹர் இதைக் கேட்டார். பாய் வீம்புக்காக வராமல் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவர் கத்திரியையே கீழே வைத்துவிட்டிருக்கிறார். ஒரு பொம்மை மோட்டாருக்காக. ஆம், பொம்மை மோட்டார்தான். ஜவஹர் மனதுக்குள் முதல் முறையாக அப்படித்தான் சொன்னார்.

செருப்பை விட்டு உள்ளே போனார். நலம் விசாரிக்கவில்லை. கார்பன் கட்டை, செம்பு, கம்மி கரன்ட், போணி, துணி இழுத்த கார், ராமானுஜம், ஷண்முகப்ரியா என்று முன்னும் பின்னுமாக எல்லாவற்றையும் கொட்டினார். நடுவில் அந்த அம்மாள், "எந்த மோட்டார்? தண்ணி மோட்டாரா?" என்று கேட்டாள். "இல்லம்மா, கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் ஜவஹர்.

பீர் முஹம்மது கழுத்தில் தொங்கிய டேப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "அப்ப நான் மொத ஆளா வந்ததுதான் தப்பு" என்றார்.

"உங்க தப்பு எதுவும் இல்ல பாய். நான் மரியாதைன்னு நினைச்சுக் கொடுத்தேன்."

"சரி அண்ணாச்சி. ஒண்ணு கேக்கறேன். மோட்டார்ல இருந்த கோளாறு தெரிஞ்சுது, வந்தீங்க. தெரியாமலே போயிருந்தா வந்திருப்பீங்களா?"

வியாபாரி நாக்கு. வந்திருப்பேன் என்ற பதில் நுனியில் தயாராக நின்றது. எத்தனையோ வாடிக்கையாளர்களிடம் எத்தனையோ சொன்ன நாக்கு. ஜவஹர் மேஜையில் விரித்திருந்த பட்டைப் பார்த்தார்.

"வந்திருக்க மாட்டேன் பாய். உங்க கை மேலயே பழியைப் போட்டுட்டு, நீங்களா வரணும்னு உட்கார்ந்திருப்பேன்."

அமீன் திரும்பி ஜவஹரை முறைத்தான். பீர் முஹம்மது கழுத்திலிருந்த டேப்பை எடுத்துச் சுருட்டி மேஜைமேல் வைத்தார்.

"வந்திருப்பேன்னு சொல்லியிருந்தீங்கன்னா," என்றார், "இந்த மோட்டார் கதையையும் நம்பியிருக்க மாட்டேன். மனசு கேக்காம என்னைத் தேத்த ஏதோ கட்டி உடுறீங்கன்னு நெனச்சிருப்பேன்."

தம்பி பக்கம் கையை நீட்டினார். அமீன் கத்திரிக்கோலைக் கொடுத்தான். பீர் முஹம்மது பிஸ்மி சொல்லி, சுண்ணக்கோட்டின் ஆரம்பத்தில் கத்திரியை வைத்தார். வைத்ததை எடுத்து, கோட்டை விரலால் ஒரு தரம் தடவிவிட்டு மறுபடி வைத்தார். அந்த அம்மாள் அதைக் கவனிக்காமல் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். ஜவஹர் கவனித்தார். பட்டு வெட்டுப்படும் சத்தம் கேட்டது.

அவள் துணியைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு ஜவஹர் மெதுவாகக் கேட்டார். "ஞாயித்துக்கிழமை வருவீங்களா?"

"இப்ப வரல அண்ணாச்சி. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இதையும் எல்லார்கிட்டயும் சொல்லுங்க. நான் இல்லாதப்ப சொல்லுங்க. நான் அங்க நின்னுக்கினு இருந்தா, எனக்காகச் சொல்ற மாதிரி ஆயிடும்."

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து சேரும் வரை ஜவஹர் பந்தயத்தைத் தொடங்கவில்லை. அன்று முதலில் வந்த ராமானுஜத்துக்குத் துணி இழுத்த பழைய காரைத்தான் கொடுத்தார். கொடுக்கும்போது கை கூசியது, அப்பா எங்கேயோ இருந்து பார்ப்பதைப் போல இருந்தது. பிறகு எல்லோரையும் நிற்க வைத்து விஷயத்தைச் சொன்னார். பாய் கையில் ஒரு குற்றமும் இல்லை, மோட்டாரைப் பழக்காமல் கொடுத்தது தன் தப்பு, அவரைக் கைராசி இல்லாதவர் என்று சொன்னது அதைவிடப் பெரிய தப்பு என்றார். சொல்லிவிட்டு ஏதாவது பேசுவார்கள் என்று காத்திருந்தார்.

"கைராசின்னா? யார் சொன்னா அப்படி?" என்றார் ராமானுஜம். "நான் ஏதோ தமாஷுக்குக் கர்ப்பூரம்னேன். அதைப் போய் அவர் பெரிசா எடுத்துண்டாரா?"

"எனக்கு ஞாபகமே இல்லண்ணா" என்றாள் ஷண்முகப்ரியா, தன் காரின் சக்கரத்தைத் துடைத்தபடி. "பாய் ஊருக்குப் போயிருக்கார்னு நினைச்சேன். யாரு அப்படிச் சொன்னது?"

ஜவஹர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரும் நடிக்கவில்லை. சிரித்தவர்கள் அத்தனை பேரும் அன்றைக்கே படியிறங்கும்போது அதை மறந்துவிட்டிருந்தார்கள். கச்சேரி ரோட்டுச் சந்தில் ஒரு மனிதன் மட்டும் அதைத் தூக்கிக்கொண்டு போய், இத்தனை நாளாகத் தன் கையைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஜவஹருக்கு வழக்கம்போலக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தார். யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

"நான்தான்" என்றார். "இதே இடத்துல நின்னு, நான்தான் சொன்னேன்."